உழவின்றி விளையும் நெல் தரிசு உளுந்து: விதைக்கும் நாளே விளைச்சலின் அளவு

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி அறுவடை முடியும் நேரத்தில் மேட்டூர் அணை மூடப்படும் காலமும் வந்துவிடுகிறது. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது அந்த அணையின் வழக்கம். அதன் பிறகு அடுத்த குறுவை வரை வாய்க்காலில் நீர் இல்லை. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் வேறு பயிரை எண்ணலாம். இரண்டு மா, மூன்று மா நிலம் வைத்துக்கொண்டு வாய்க்கால் நீரை மட்டுமே நம்பியிருக்கும் சிறு விவசாயிக்கு எஞ்சியிருப்பது, நெல் அறுத்த வயலின் களிமண்ணில் தங்கியுள்ள ஈரம் ஒன்றுதான்.

அந்த ஈரத்தை வீணாக்காமல் ஒரு பயறு விளைச்சல் எடுத்துவிடும் முறையைத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். நெற்பயிர் வயலில் நிற்கும்போதே, உழவு ஏதுமின்றி, அதன் இடையில் உளுந்தையோ பாசிப்பயற்றையோ தெளித்துவிடுவதே அம்முறை. இதில் ஏர்ச் செலவு இல்லை, பாசனச் செலவு இல்லை, அடியுரமும் இல்லை. 70 நாளில் பயறு வீட்டுக்கு வந்துவிடும்.

இவ்வளவு எளிய முறையாக இருந்தும், ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்துள்ள இரண்டு வயல்களில் ஒன்று பச்சைப் பாய் விரித்ததுபோல இருக்க, மற்றொன்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகள் நிற்பதைக் காண்கிறோம். விதையும் ஒன்று, மண்ணும் ஒன்று. வேறுபாடு பெரும்பாலும் விதைத்த நாளில்தான் இருக்கும். நீரை வடித்தது முதல் கதிர் அறுத்து வைக்கோலை அகற்றியது வரையுள்ள சுமார் 15 நாட்களில் நெல் தரிசு உளுந்தின் தலையெழுத்து தீர்மானமாகிவிடுகிறது. பிறகு செய்யும் எந்தப் பண்டுவமும் அந்த நாட்களில் விட்டதை மீட்டுத் தராது.

ஏன் உழக் கூடாது?

நடவுக்காகச் சேறு கலக்கிய களிமண் தன் கட்டுமானத்தை இழந்திருக்கும். அறுவடைக்குப் பின் அதை ஈரத்தில் உழுதால் பெரும் பெரும் கட்டிகளாகப் பெயரும். காய்ந்தபின் உழுவதோ இயலாத காரியம். கட்டிகளுக்கிடையே காற்றுப் புகுந்து, அடியில் உள்ள ஈரமும் இரண்டு மூன்று நாளில் ஆவியாகிவிடும். கட்டிகளை உடைத்துப் புழுதியாக்கி விதைப்பதற்குள் பட்டமும் கடந்துவிடும்.

மாறாக, உழாமல் விட்ட வயலில் ஈரம் மேலிருந்து மெல்லத்தான் குறைகிறது. நெல்லின் தாள் மண்ணுக்குச் சிறிது நிழல் தருகிறது. மட்கும் நெல் வேர்கள் விட்ட துளைகள் வழியாகப் பயற்றின் வேர் எளிதாகக் கீழே இறங்குகிறது. ஈரம் கீழே இறங்க இறங்க வேரும் அதைத் தொடர்ந்து இறங்க வேண்டும். வேர் முந்தினால் பயிர் பிழைக்கும். வறட்சி முந்தினால் பயிர் வாடும். உரிய நாளில் விதைப்பதன் பொருள் வேருக்கு இந்தப் போட்டியில் ஒரு வாரம் முன்தொடக்கம் கொடுப்பதேயாகும்.

உழாமல் விதைப்பது காவிரிப் படுகைக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஹாரி யங் என்ற விவசாயி 1962-ல் தம் நிலத்தில் உழாமலே பயிரிட்டுக் காட்டிய பிறகு அங்கு இம்முறை பரவியது. கோதுமை அறுத்த தாளுக்கு இடையே அதற்கென அமைந்த கருவியால் சோயா மொச்சை விதைத்து, ஒரே ஆண்டில் இரண்டு விளைச்சல் எடுப்பது அப்பகுதியில் வழக்கமாயிற்று. உழவுக்குச் செலவாகும் நாட்களும் ஈரமும் மிஞ்சுவதுதான் அங்கும் கிடைத்த பயன். நம் விவசாயி இன்னும் ஒரு படி முன்னே சென்று, அறுவடைக்கும் காத்திராமல் நிற்கும் பயிரிலேயே விதைத்துவிடுகிறார்.

ஒரு சிறு கணக்கு

உளுந்தில் நல்ல மகசூல் பெற ஒரு சதுர மீட்டரில் சுமார் 33 செடிகள் இருக்க வேண்டும். 100 உளுந்து விதை ஏறக்குறைய 4 கிராம் எடையிருக்கும். அப்படியானால் 10 கிலோ விதையில் சுமார் 2.5 லட்சம் விதைகள் இருக்கின்றன. ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். எனவே ஏக்கருக்கு 10 கிலோ விதைத்தால் சதுர மீட்டருக்கு 62 விதைகள் விழுகின்றன. அவற்றில் பாதியாவது செடியாகி நிலைத்தால்தான் நமக்கு வேண்டிய எண்ணிக்கை கிடைக்கும்.

உழுது வரிசையில் விதைக்கும் நிலத்தில் பாதிக்கு மேல் முளைப்பது அரிதன்று. ஆனால் தெளித்த விதை மண்ணுக்குள் போவதில்லை. மண்ணின் மேல்தான் கிடக்கிறது. அதை எறும்பும் பறவையும் எடுக்கும், பள்ளத்தில் அழுகும், மேட்டில் காயும், அறுப்பவர் காலிலும் இயந்திரத்தின் அடியிலும் நசுங்கும். இந்த இழப்புகளை ஒவ்வொன்றாகக் குறைப்பதுதான் நெல் தரிசு உளுந்துச் சாகுபடியின் நுணுக்கம் முழுவதும்.

நிலமும் நீர் வடிப்பும்

களிப்பாங்கான, ஈரம் பிடிக்கும் வயலே இதற்கு ஏற்றது. மணற்பாங்கான மேட்டு வயல்களில் ஈரம் விரைவில் போய்விடுவதால் பயிர் பூக்கும் பருவத்தில் வாடிவிடும். அறுவடைக்குப் பல நாள் முன்பே சாய்ந்துவிட்ட நெல் வயலும் உகந்ததன்று. சாய்ந்த பயிரின் மேல் விழும் விதை மண்ணைச் சேராது.

அறுவடைக்கு 15 நாள் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட வேண்டும். மடையைத் திறந்து வயலில் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். பள்ளமான மூலைகளிலிருந்து வடிகாலுக்கு மண்வெட்டியால் சிறு வாய்க்கால் கீறிவிடுவது அரை நாள் வேலைதான். அந்த அரை நாளைச் செலவிடாத வயலில் ஒவ்வொரு பள்ளமும் பின்னர் வெற்றிடமாகத் தெரியும்.

விதைப்பதற்குரிய பதம் மெழுகு பதம். வயலில் காலை வைத்தால் சுவடு நன்றாகப் பதிய வேண்டும். ஆனால் அந்தச் சுவட்டில் நீர் ஊறக் கூடாது. காலை எடுக்கும்போது சேறு ஒட்டி வரவும் கூடாது. நீர் ஊறினால் ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். சுவடே பதியவில்லை என்றால் பதம் கடந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். வரப்பில் நின்று பார்த்தால் பதம் தெரியாது. வயலின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் நடந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரகமும் விதை நேர்த்தியும்

நெல் தரிசுக்கென்று உருவாக்கப்பட்ட இரகங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். உளுந்தில் ஆடுதுறை 3, ஆடுதுறை 6 ஆகியவை இதற்கேற்றவை. பாசிப்பயற்றில் ஆடுதுறை 3 இரகம் ஏற்றது. இவை 65 முதல் 75 நாட்களில் முதிர்ந்துவிடும். இறவையில் நன்கு விளைந்தது என்பதற்காக வேறொரு பட்டத்துக்கு உரிய இரகத்தை இங்கே கொண்டுவருவது சரியன்று. ஈரம் தீரும் முன் காய் முற்ற வேண்டும் என்பதே இங்குள்ள முதல் தேவை.

ஏக்கருக்கு 10 கிலோ விதை போதும். மா ஒன்றுக்கு மூன்றே கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இயந்திரத்தால் அறுக்கவிருக்கும் வயலுக்கு 12 கிலோ வரை கூட்டிக்கொள்ளலாம். சென்ற ஆண்டு விதையைப் பயன்படுத்துவோர் முளைப்புத் திறனைப் பார்த்துக்கொள்வது கட்டாயம். 100 விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் மூன்று நான்கு நாளில் விடை தெரிந்துவிடும். 75-க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையை நம்ப வேண்டாம்.

விதைப்பதற்கு முதல் நாள், கிலோவுக்கு 4 கிராம் வீதம் ட்ரைகோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலந்து வைத்தால் வேரழுகல் குறையும். மறுநாள், ஒரு ஏக்கர் விதைக்கு 200 கிராம் ரைசோபியம், 200 கிராம் பாஸ்போபாக்டீரியா ஆகிய நுண்ணுயிர் உரங்களை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும்.

இதைச் சிலர் வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் நீர் தேங்கி நின்ற வயலில் வேர் முடிச்சுகளை உண்டாக்கும் ரைசோபியம் குறைந்து போயிருக்கும். அடியுரம் இடாத இந்தப் பயிருக்குத் தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுத்துத் தர வேண்டியது அந்த நுண்ணுயிர்தான். 30-ம் நாள் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேர் முடிச்சைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதுவே நுண்ணுயிர் வேலை செய்வதன் அடையாளம்.

ஆள் வைத்து அறுக்கும் வயலில்

தை மாதம் முழுவதும், அதாவது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை, விதைக்க ஏற்ற பட்டம். அரிவாளால் அறுக்கும் வயலில் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு விதைக்க வேண்டும்.

10 நாளுக்கு மேல் முந்தினால், நெல்லின் நிழலில் நாற்று வெளுத்து, நெடுநெடுவென்று மெலிந்து வளரும். அறுப்பவர் கால் பட்டாலே ஒடிந்துவிடும். நெல் அறுத்தவுடன் வெயில் திடீரென்று படும்போது துவண்டும் போகும். அதற்கு மாறாக ஓரிரு நாள் முன்போ அறுத்த பின்போ விதைத்தால், முளை விடுவதற்குள் மண்ணின் மேற்பரப்பு காய்ந்துவிடும். 7 முதல் 10 நாள் என்ற கணக்கில் விதைத்தால் அறுக்கும்போது நாற்று வேர் பிடித்து, குட்டையாகவும் திடமாகவும் இருக்கும்.

காலையில் பனி ஈரத்தோடு விதைக்கக் கூடாது. நெல்லின் தாளிலும் கதிரிலும் விதை ஒட்டிக்கொள்ளும். பனி காய்ந்த பிறகோ பிற்பகலிலோ விதைத்தால் விதை வழுக்கி மண்ணில் விழும். விதையை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை நீளவாட்டிலும் மறு பங்கைக் குறுக்குவாட்டிலும் தெளித்தால் எங்கும் சீராக விழும். வரப்போரங்களை மறக்கக் கூடாது.

இயந்திரம் அறுக்கும் வயலில்

இன்று டெல்டாவில் பெரும்பகுதி நெல் இயந்திரத்தால்தான் அறுக்கப்படுகிறது. ஆள் பற்றாக்குறைக்கு அது நல்ல தீர்வு. ஆனால் நெல் தரிசு உளுந்துக்கு அது ஒரு சோதனையாகவும் வந்து சேர்ந்துள்ளது. "வண்டி ஏறினால் உளுந்து நிற்காது" என்று விதைப்பதையே நிறுத்திவிட்டவர்கள் உண்டு. சற்றே முறையை மாற்றினால் இங்கும் உளுந்து எடுக்கலாம்.

உளுந்து முளைக்கும்போது விதையின் பருப்புகள் இரண்டும் மண்ணுக்கு மேலே வந்துவிடும். குருத்தும் அங்கேதான் இருக்கிறது. அதற்குக் கீழே தண்டு நசுங்கினால் செடி மீண்டும் துளிர்க்க வழியில்லை. எனவே முளைத்து மேலே வந்த நாற்றின் மீது வண்டி ஏறினால் அந்தத் தடத்தில் உள்ளவை எல்லாம் போயின. ஆனால் மண்ணில் படிந்து ஊறியிருக்கும், இன்னும் தலை தூக்காத விதை மீது வண்டி ஏறினால் அவ்வளவு சேதமில்லை. வண்டியின் பாரம் பல விதைகளை ஈர மண்ணில் அழுத்தியும் விடும்.

ஆகவே இயந்திரம் வரும் நாளை உறுதி செய்துகொண்டு, அதற்கு 3 அல்லது 4 நாள் முன்பாக விதைக்க வேண்டும். ஆள் அறுவடைக்குச் சொன்ன 7 முதல் 10 நாள் என்ற கணக்கை இங்கே பின்பற்றுவதுதான் பலர் ஏமாற்றம் அடையக் காரணம்.

சிறு விவசாயிக்கு உள்ள உண்மையான இடர்ப்பாடு இங்கேதான் இருக்கிறது. வண்டி வரும் நாள் அவர் கையில் இல்லை. ஒரு ஏக்கருக்காக எந்த வண்டிக்காரரும் தேதி கொடுத்துக் காத்திருக்க மாட்டார். விதைத்த பிறகு வண்டி ஒரு வாரம் தாமதித்தால் முளைத்த நாற்றெல்லாம் தடத்தில் அழியும். இதற்குத் தனி ஒருவரால் தீர்வு காண முடியாது. ஒரே மடையில் பாயும் பத்துப் பன்னிரண்டு விவசாயிகள் கூடி, ஒரே வயதுடைய நெல் இரகத்தை நட்டு, ஒன்றாக நீரை வடித்து, ஒரே நாளுக்கு வண்டியைப் பேசினால் வண்டியும் வரும். விதைப்பு நாளும் கைக்குள் இருக்கும். இந்தப் பேச்சை நடவின்போதே தொடங்கிவிடுவது நல்லது. தை பிறந்தபின் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

வண்டியை அமர்த்தும்போது டயர் வண்டியைக் காட்டிலும் பட்டைச் சங்கிலி வண்டியே மேல். அதன் பாரம் பரந்து விழுவதால் பள்ளம் குறைவாகவே விழும். வயலுக்குள் கண்ட இடத்தில் திருப்பாமல் வரப்போரமாகத் திருப்பும்படியும், நெல் மூட்டை ஏற்றும் டிராக்டரை வயல் நடுவே கொண்டுவராமல் இருக்கும்படியும் கேட்டுக்கொள்ள வேண்டும். வயல் மெழுகு பதத்தில் இல்லாமல் சேறாக இருக்கும்போது வண்டியை இறக்கினால் நெல்லும் சிந்தும், உளுந்தும் புதையும்.

வைக்கோலும் ஆடுமாடும்

இயந்திரம் வைக்கோலை வரிசை வரிசையாகக் கொட்டிக்கொண்டே போகும். அந்தக் குவியலின் அடியில் உள்ள விதை முளைத்தாலும் வெளிச்சம் காணாமல் அழுகிவிடும். ஆகவே அறுத்த மறுநாளே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். எடுக்க ஆள் இல்லையென்றால் கவைக்கோலால் உதறி வயல் முழுதும் மெல்லிய பரப்பாகக் கலைத்துவிட்டாலும் போதும். மெல்லிய பரப்பு ஈரத்தைக் காக்கும். தடித்த குவியல்தான் கொல்லும். வைக்கோல் கட்டும் இயந்திரத்தை ஒரு வாரம் கழித்து இறக்குவது இரண்டாம் முறை பயிரை நசுக்குவதற்குச் சமம். அதை அறுவடையன்றோ மறுநாளோ முடித்துக்கொள்ள வேண்டும்.

அறுவடை முடிந்த வயல்களில் ஆடுமாடுகளை ஓட்டிவிடுவதும் கிடை போடுவதும் ஊர் வழக்கம். நாலு பக்கமும் தரிசாகக் கிடக்க நடுவில் ஒருவர் மட்டும் உளுந்து விதைத்தால் அதைக் காப்பது கடினம். இதற்காகவும் பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து ஒரே பரப்பாக விதைப்பதே சிறந்தது.

அறுவடை முடிந்து ஒரு வாரத்தில் வயலில் ஐந்து இடங்களில் குச்சியால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டுச் செடிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். 30-க்கு மேல் இருந்தால் மகிழ்ச்சி. 20-க்குக் குறைவான இடங்களிலும் வண்டித் தடங்களிலும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே குச்சியால் துளையிட்டு இரண்டிரண்டு விதையாக ஊன்றிவிடலாம். நாள் கடத்தினால் ஊன்றியும் பயனில்லை.

களை

உழாத வயலில் களையைப் புதைக்க வழியில்லை. குதிரைவாலிப் புல்லும், வெட்டிய நெல் தாளின் மறுதுளிரும், சிந்திய நெல்லின் முளையும் உளுந்துக்குரிய ஈரத்தைக் குடித்துவிடும். விதைத்த 15 முதல் 20 நாளுக்குள் களையை அடக்கியாக வேண்டும். சிறு பரப்பில் கைக்களையே போதும். ஆள் கிடைக்காத இடத்தில், புல்வகைக் களைகளுக்கு ஏக்கருக்குக் குயிசலோபாப் ஈத்தைல் 5 சத மருந்து 400 மில்லி தெளிக்கலாம். அகன்ற இலைக் களைகளும் மிகுந்திருந்தால் இமாசெதாபைர் 10 சத மருந்து 200 மில்லியைச் சேர்த்துக்கொள்ளலாம். களை இரண்டு மூன்று இலைப் பருவத்தில் இருக்கும்போது, மண்ணில் ஈரம் உள்ள நேரத்தில், 200 லிட்டர் நீரில் கலந்து கைத்தெளிப்பானால் தெளிக்க வேண்டும். காய்ந்த மண்ணில் தெளித்த மருந்து காசுக்குக் கேடு. டப்பாவில் அச்சிட்டுள்ள அளவையும் எச்சரிக்கையையும் படித்த பிறகே மருந்தைக் கலக்க வேண்டும்.

இலைவழி உணவு

நெல்லுக்கு இட்ட உரத்தின் மிச்சத்தில்தான் இந்தப் பயிர் வளர்கிறது. நீர் தேங்கிய வயலில் எளிதாகக் கிடைத்த மணிச்சத்து, வயல் காயக் காய மண்ணோடு பிணைந்து பயிருக்குக் கிட்டாமல் போகும். மேலே உரம் தூவினாலும் காய்ந்த மண்ணில் அது வேரைச் சேராது. ஆகவே இலை வழியாகக் கொடுப்பதே வழி.

ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி. உரத்தை 10 லிட்டர் நீரில் முதல் நாள் மாலை ஊறவைக்க வேண்டும். மறுநாள் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, வடிகட்டி, 190 லிட்டர் நீர் சேர்த்தால் 2 சதக் கரைசல் கிடைக்கும். இதைப் பூக்கத் தொடங்கும்போது ஒரு முறையும், 15 நாள் கழித்து ஒரு முறையும் மாலை வேளையில் தெளிக்க வேண்டும். இதற்குப் பதிலாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் கலவையை ஏக்கருக்கு 2 கிலோ வீதம் 200 லிட்டர் நீரில் கலந்து, பூ நிறைந்திருக்கும் நேரத்தில் ஒரு முறை தெளிக்கலாம். பூ உதிர்வது குறைந்து, காய் திரட்சியாகப் பிடிக்கும்.

நோயும் பூச்சியும்

தை, மாசிப் பனியில் சாம்பல் நோய் இப்பயிருக்கு முதல் எதிரி. இலையில் மாவு தூவியதுபோல வெண்படலம் தோன்றியதும் 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிக்க வேண்டும். 10 கிலோ வேப்பம் பருப்பை இடித்து ஊறவைத்துச் சாற்றை வடித்து, 200 லிட்டர் நீராக்கினால் ஏக்கருக்கு ஆகும். 10 நாளில் மறுமுறை தெளிக்கலாம். நோய் மிகுந்தால் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வீதம் தெளிக்கலாம்.

இலைகள் மஞ்சள் திட்டுகளாக மாறும் தேமல் நோய் வெள்ளை ஈயால் பரவுகிறது. நோய் கண்ட செடிக்கு மருந்து கிடையாது. தொடக்கத்திலேயே பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும். ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டும் பொறிகளை வைத்தால் ஈயின் நடமாட்டம் தெரியும்.

பூக்களையும் பிஞ்சுகளையும் நூலாம்படையால் பின்னி உள்ளிருந்து தின்னும் புள்ளிக் காய்ப்புழுவுக்கும் வேப்பங்கொட்டைச் சாறு முதல் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் எமாமெக்டின் பென்சோவேட் 5 சத மருந்தை ஏக்கருக்கு 88 கிராம் தெளிக்கலாம். பூக்களுக்குத் தேனீ வரும் காலை நேரத்தைத் தவிர்த்து மாலையில் தெளிப்பது நலம்.

பருவம் தவறிய மழை

2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் டெல்டா மாவட்டங்களில் பெய்த பருவம் தவறிய மழை, அறுவடைக்கு நின்ற நெல்லோடு தெளித்த உளுந்தையும் கெடுத்தது. அத்தகைய மழைக்கு உளுந்து தாங்காது. ஒரு நாள் நீர் தேங்கினாலே முளை அழுகத் தொடங்கும். முன்பே கீறி வைத்த வடிகால் அன்று கை கொடுக்கும். முளை அழுகிவிட்டாலும் பட்டம் மீதமிருந்தால், நீர் வடிந்து மெழுகு பதம் திரும்பியவுடன் மறுபடி விதைக்கலாம். இதற்காக 3 அல்லது 4 கிலோ விதையைக் கையிருப்பில் வைத்திருப்பது அறிவுடைமை. ஆனால் பிப்ரவரி நடுவுக்குப் பிறகு விதைப்பதில் பொருளில்லை. பூக்கும் நேரத்தில் பங்குனி வெயிலும் வெடித்த மண்ணும் சேர்ந்து பயிரை முடித்துவிடும்.

அறுவடையும் அடுத்த ஆண்டின் விதையும்

100-க்கு 80 காய்கள் கறுத்தவுடன் அறுவடை செய்துவிட வேண்டும். காலைப் பனியில் அறுத்தால் காய் வெடித்துச் சிதறாது. செடியை வேரோடு பிடுங்குவது நம் வழக்கம். அரிவாளால் அடியில் அறுத்தால், வேரும் அதிலுள்ள முடிச்சுகளும் மண்ணிலேயே தங்கி அடுத்து வரும் குறுவை நெல்லுக்குத் தழைச்சத்தாகும். அடித்தபின் மிஞ்சும் பொட்டும் கொடியும் கோடையில் கறவை மாட்டுக்கு நல்ல தீவனம்.

நன்கு விளைந்த, தேமல் நோய் இல்லாத ஒரு மூலையை விதைக்கென்று தனியே அறுத்து அடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கடித்தால் படீரென்று உடையும் அளவுக்கு உலர்த்தி, 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் செறிவூட்டிய களிமண் தூளைக் கலந்து சேமித்தால் பயறு வண்டு அண்டாது. இந்த விதையை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

வரவு என்ன?

முறையாகச் செய்த நெல் தரிசு உளுந்தில் ஏக்கருக்கு 200 முதல் 300 கிலோ கிடைக்கும். 2024-25-ம் ஆண்டுக்கு மத்திய அரசு உளுந்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,400 ரூபாய். அந்தக் கணக்கில் 250 கிலோவுக்கு 18,500 ரூபாய் வரும். விதை, இரண்டு தெளிப்பு, களை, அறுவடைக் கூலி ஆகியவற்றைக் கழித்தாலும், வாய்க்கால் வறண்ட காலத்தில் கைக்கு வரும் இப்பணம் குறுவை நாற்றங்காலுக்கும் பள்ளிக்கூடம் திறக்கும் செலவுக்கும் கடன் வாங்காமல் இருக்க உதவும். வீட்டுக்கு ஓராண்டு உளுந்து மிஞ்சுவது தனி.

பெரிய முதலீடு எதையும் இந்தப் பயிர் கேட்பதில்லை. நீரை வடிக்க ஒரு நாள், பதம் பார்க்க ஒரு நாள், விதைக்க ஒரு நாள், வைக்கோலை அகற்ற ஒரு நாள் என்று உரிய நேரத்தில் நான்கு நாள் உழைப்பை மட்டுமே கேட்கிறது. அறுவடைக்குத் தேதி குறிக்கும் விவசாயப் பெருமக்கள் அன்றே பின்னோக்கி எண்ணி, ஆள் அறுவடையானால் 7 முதல் 10 நாள், இயந்திர அறுவடையானால் 3 அல்லது 4 நாள் என்று உளுந்துக்கும் தேதி குறித்துவிட வேண்டும். அவ்வாறு செய்தால், அணை மூடிய பின்னும் வயலில் எஞ்சியிருக்கும் ஈரம் வீண் போகாது.